ஷெட்டில் நின்ற பத்மினியும் பழைய ஜான்சன் மோட்டாரும்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வரிசை

தினமும் டாக்சியாக ஓடிய பிரீமியர் பத்மினிக்கு வந்த கோளாறு தேய்மானம். நம்மைப் போல ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பவர்களின் பத்மினிக்கு வருவது வேறு: பிசின் பிடித்த பெட்ரோல், பச்சை பூத்த டெர்மினல், வறண்டு வெடித்த ரப்பர், துருவேறிய எர்த். படகில் மாட்டும் பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டாருக்கும் இதே கதைதான், கூடவே உப்பு. ஓடிக் கெட்டதைவிட நின்று கெட்டதே அதிகம். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பெட்ரோல், பிறகு எர்த், அப்புறம் கனெக்‌ஷன். கார்புரேட்டர், காயில், ஹெட் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

கையில் இருக்க வேண்டியவை: டெஸ்ட் லாம்ப், மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், இடைவெளி மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர், ஒரு கண்ணாடி பாட்டில், தீயணைப்பான். கடைசியாகச் சொன்னதை அலங்காரமாக நினைக்க வேண்டாம். பெட்ரோல் லைனைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பார்க் பார்க்கும் வேலை இது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டி வெட்டி ஸ்பார்க் வரவைக்கும் சுவிட்ச்), கண்டென்சர், காயில் எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாற்றி வண்டி ஓடிவிட்டால், எது கெட்டிருந்தது என்பது தெரியாமலேயே போய்விடும். அடுத்த முறை மறுபடியும் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: டேங்கில் இருப்பது என்ன?

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்காரும். அடியிலிருந்துதான் பைப் உறிஞ்சுகிறது. எஞ்சினுக்கு முதலில் போவது அந்த அடுக்குதான்.

டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள்.

இரண்டு அடுக்காகப் பிரிந்தால்: டேங்கை முழுக்க வடித்துவிடுங்கள். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கும் வேலை பலிக்காது.

பிரியவில்லை, ஆனால் நிறம் மங்கி வார்னிஷ் வாடை அடித்தால்: பழைய பெட்ரோல். வடித்துவிட்டு கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தையும் கழற்றிப் பாருங்கள். அடியில் மஞ்சள் பிசின் இருக்கும்.

எத்தனால் எவ்வளவு என்று பார்க்க அளவுகோடு போட்ட 100 மில்லி குழாய் போதும். 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி நிறுத்துங்கள். கீழ் அடுக்கு 10-ல் இருந்து 25-ஐத் தாண்டி ஏறினால் இ20-தான். சோதனைக்கு எடுத்ததை மறுபடி டேங்கில் ஊற்றாதீர்கள்.

இன்னொன்று. பழைய ரப்பர் ஹோஸ், ஏசி பம்ப்பின் (எஞ்சின் இயக்கும் பெட்ரோல் பம்ப்) டயாஃப்ரம், கார்புரேட்டரின் ரப்பர் வாஷர் எல்லாம் எத்தனால் இல்லாத காலத்தில் செய்தவை. ஹோஸை இரண்டாக மடக்கிப் பாருங்கள். மேல் தோல் வெடித்தாலோ, உள்பக்கம் கரி போலக் கையில் ஒட்டினாலோ அது போகிற கேஸ். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். மீட்டருக்குச் சில நூறு ரூபாய் கூடினாலும் கொடுக்கலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் ஒழுகும் ஹோஸ் வண்டியையே எரித்துவிடும்.

## பத்மினி

1089 சிசி, நாலு சிலிண்டர், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஃபியட் 1100 டிலைட்டாக இருந்தாலும் பிரீமியர் பிரசிடெண்டாக இருந்தாலும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும். பெயர்ப் பலகைதான் வேறு.

அறிகுறி: ஸ்டார்ட் செய்தால் "டக்" என்ற சத்தம் மட்டும்

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

லைட் அணைந்தே போனால்: பேட்டரி, அல்லது பேட்டரி டெர்மினல். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. டெர்மினலைக் கழற்றி உள்பக்கம் வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாள் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பேட்டரி வாங்குவது அதற்குப் பிறகு.

லைட் மங்காமல் அப்படியே இருந்தால்: மின்சாரம் செல்ஃபுக்குப் போகவே இல்லை. சொலினாய்டு, அல்லது எர்த்.

இந்த எர்த் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு பின்னல் பட்டைதான் எர்த். புதுசாகப் பெயின்ட் அடித்த வண்டிகளில் அந்தப் பட்டையின் அடியிலும் பெயின்ட் இருக்கும், அழகாக, பளபளவென்று. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ் கம்பத்திலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் பிடித்து, யாரையாவது செல்ஃப் போடச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பட்டையைக் கழற்றி, இரண்டு பக்கமும் உலோகம் தெரியச் சுரண்டி, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள். பட்டையின் நூல்கள் பாதி அறுந்திருந்தால் புதுசு போடுங்கள். இதைச் செய்யாமலேயே செல்ஃப் மோட்டாரை ரீவைண்டிங் கடைக்குக் கொண்டு போனவர்கள் நிறையப் பேர். கடைக்காரர் பெஞ்சில் வைத்துச் சுற்றிக் காட்டுவார், நன்றாகவே சுற்றும். வண்டியில் மாட்டினால் மறுபடியும் "டக்".

எர்த்தும் பேட்டரியும் சரி, ஆனாலும் சுற்றவில்லை என்றால்: இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஆடினால் எஞ்சின் இறுகவில்லை. செல்ஃபைக் கழற்றி கார்பன் பிரஷ் பாருங்கள். ஆடவே இல்லை என்றால் எஞ்சின் பிடித்திருக்கிறது. பிளக்குகளைக் கழற்றி சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு ஊறப்போடுங்கள். ஊறியும் அசையாவிட்டால் அங்கிருந்து மெக்கானிக்கின் வேலை.

அறிகுறி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பற்றவில்லை

ஒரு பிளக்கைக் கழற்றி முதலில் மூக்குக்கும் கண்ணுக்கும் காட்டுங்கள்.

*பிளக் நனைந்து பெட்ரோல் வாடை அடிக்கிறது.* பெட்ரோல் வருகிறது. ஒன்று அதிகம், அல்லது ஸ்பார்க் இல்லை. ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி 6 மி.மீ. இடைவெளி தாண்டுகிறதா என்று பாருங்கள், பெட்ரோல் திறந்திருக்கும் இடத்திலிருந்து தள்ளி. நீலமாக, "சட் சட்" என்று சத்தத்தோடு தாண்டினால் சரி. மஞ்சளாக, மெல்லியதாக இருந்தால் பலவீனம்.

ஸ்பார்க் இல்லையென்றால் வரிசை இதுதான்: காயிலின் பிளஸ் முனையில் டெஸ்ட் லாம்ப் எரிகிறதா? எரியாவிட்டால் இக்னிஷன் சுவிட்ச், ஃப்யூஸ், ஒயர். எரிந்தால் லாம்பைக் காயிலின் மறு முனைக்கு மாற்றி எஞ்சினைச் சுற்றவிடுங்கள். மின்னி மின்னி எரிந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடியும் கரி பிடித்து மின்சாரம் கடக்கவில்லை. எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது டெல்கோவுக்குள் (டிஸ்ட்ரிபியூட்டர்) போகும் சின்ன ஒயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறது.

நின்ற வண்டியின் பாயிண்ட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்திருக்கும். தடிமனான வெள்ளை அட்டையை நடுவே விட்டு இழுத்தால் கறுப்பாக ஒரு கோடு வரும். கோடு வராமல் போகும்வரை இழுங்கள். பல நேரம் வேலை இதோடு முடிந்துவிடும். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுச் சமாளிக்காமல் புதுசு போடுங்கள். குழி சீக்கிரம் விழுந்ததற்குப் பெரும்பாலும் கண்டென்சர்தான் காரணம், அதையும் சேர்த்து. லூகாஸ் டைப் டெல்கோவில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. கேம் மேட்டின் உச்சியில் வைத்து அளக்க வேண்டும். சரிவில் வைத்து அளந்தால் எல்லாமே தப்பு.

மழைக்காலத்தில் மட்டும் பற்றாமல் போகிறது என்றால் டெல்கோ மூடிக்குள் ஈரம். துடைத்து, உள்ளே முடி போலக் கறுப்புக் கோடு ஓடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஓடியிருந்தால் மூடி மாற்ற வேண்டியதுதான்.

*பிளக் காய்ந்திருக்கிறது.* பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி பாட்டிலுக்குள் விட்டு, காயில் ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, செல்ஃப் போடச் சொல்லுங்கள். துடிப்புத் துடிப்பாகப் பாய்ந்தால் பம்ப் சரி, கார்புரேட்டரின் நீடில் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேல் மூடியில் ஸ்பானரின் பிடியால் லேசாகத் தட்டினாலே சில நேரம் விட்டுவிடும். பாயவில்லை என்றால் பம்ப்பின் கண்ணாடி அல்லது தகர மூடிக்குக் கீழே இருக்கும் வலையைப் பாருங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால் டேங்கிலிருந்து வரும் ஹோஸ் எங்கோ காற்று இழுக்கிறது. கடைசியாகத்தான் டயாஃப்ரம். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்க வாய்ப்புண்டு. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டவே கூடாது.

*பிளக் நனைந்திருக்கிறது, ஸ்பார்க்கும் நன்றாக இருக்கிறது.* சிலிண்டருக்குள் பெட்ரோல் வெள்ளம். ஃப்ளோட் ஓட்டையாகியிருக்கலாம். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே "சளக்" என்றால் பெட்ரோல் புகுந்துவிட்டது. சந்தேகமாக இருந்தால் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த வெந்நீரில், சமையலறைக்கு வெளியே கொண்டு வந்து, ஃப்ளோட்டை முக்குங்கள். ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து குமிழி வரும். அதை வீட்டில் சால்டர் வைக்கப் போகாதீர்கள். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும் பித்தளைப் பெட்டி அது. சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் ஃப்ளோட் கிடைக்கும்.

அறிகுறி: நன்றாக ஓடியது, டீ குடிக்க நிறுத்தினேன், திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை

சென்னை வெயிலில் பத்மினி வைத்திருக்கும் யாருக்கும் இது புதிதல்ல. காத்திருந்து, ஆறினதும் ஸ்டார்ட் ஆனதும், "சரி, ஆகிவிட்டது" என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஆறின பிறகு பார்த்தால் எதுவும் தெரியாது. சூடாக இருக்கும்போதே அங்கேயே பார்க்க வேண்டும். சந்தேகம் மூன்று பேர் மேல்.

ஏர் கிளீனரைக் கழற்றி கார்புரேட்டரின் வாயைப் பாருங்கள், சிகரெட் பிடிப்பவரை நாலடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு. ஆக்ஸிலரேட்டர் லிவரைக் கையால் ஒருமுறை முழுக்க இழுங்கள்.

உள்ளே பெட்ரோல் பீய்ச்சவே இல்லை: வேப்பர் லாக். பைப்பிலோ பம்ப்பிலோ பெட்ரோல் கொதித்து ஆவியாகி நிற்கிறது. ஈரத் துணியை பம்ப் மேலும் பைப் மேலும் சுற்றுங்கள். பழைய டிரைவர்கள் எல்லாரும் செய்ததுதான். எஞ்சின் ஓடத் தொடங்கினால் நோய் உறுதி. நிரந்தர மருந்து துணியில் இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிப் போகும் பைப்பைத் தள்ளி வளையுங்கள்; பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்க வேண்டிய சூடு தடுக்கும் தடித்த ஸ்பேசர் இருக்கிறதா பாருங்கள். எப்போதோ பம்ப் மாற்றிய யாரோ அதை எடுத்துவிட்டு வெறும் பேப்பர் கேஸ்கட் போட்டிருப்பது சகஜம். அதே நேரம், ஸ்பேசர் இல்லாமல் பம்ப்பின் லிவர் நீளமாக உள்ளே போய் வேறு தொல்லையும் வரும்.

பெட்ரோல் ஏற்கனவே வழிந்து சுவரெல்லாம் நனைந்திருக்கிறது: கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து உள்ளே பொங்கிவிட்டது. சோக் போடாதீர்கள், ஆக்ஸிலரேட்டரை அடித்து அடித்து மிதிக்காதீர்கள். ஒரேயடியாக முழுக்க மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் போடுங்கள். கொஞ்சம் இருமிப் பிடித்துக்கொள்ளும். அடிக்கடி வந்தால் கார்புரேட்டருக்கு அடியிலிருக்கும் பேக்லைட் ஸ்பேசரையும் ஃப்ளோட் மட்டத்தையும் பாருங்கள்.

பெட்ரோல் சரியாகப் பீய்ச்சுகிறது: இப்போது ஸ்பார்க் டெஸ்டர். ஆறியபோது 6 மி.மீ. தாண்டிய ஸ்பார்க் சூட்டில் தாண்டவில்லை என்றால் கண்டென்சர், அடுத்து காயில். கண்டென்சர் மலிவு, முதலில் அதை மாற்றுங்கள். புதுசாக வாங்கியதும் சீக்கிரம் போவதுண்டு. டப்பாவில் பழைய நல்லது ஒன்று இருந்தால் எறியாதீர்கள். காயிலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கை வைத்துப் பிடிக்க முடியாத சூடு என்றால் பிரைமரியை (பிளஸ், மைனஸ் முனைகளுக்கு நடுவே உள்ள ரெசிஸ்டன்ஸை) அளங்கள். பல்லாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைப்பது) இல்லாத 12 வோல்ட் வண்டிக்கு 3 ஓம் பக்கம் வேண்டும். 1.5 ஓம் காட்டினால் ரெசிஸ்டரோடு போட வேண்டிய காயிலை நேராக மாட்டியிருக்கிறார்கள். அது தானும் வேகும், பாயிண்ட்டையும் தின்னும்.

செல்ஃபே சூட்டில் மெதுவாகச் சுற்றினால் அது நாலாவது கதை. மேலே சொன்ன எர்த் சோதனையைச் சூடாக இருக்கும்போதே மறுபடி செய்யுங்கள்.

அறிகுறி: ஐட்லிங்கில் நிற்காது, ஏற்றத்தில் பிக்கப் இல்லை, சைலன்சரில் "படார்"

ஸ்லோ ஜெட்டில் அடைப்பு என்பதுதான் முதல் ஊகம். கழற்றி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் ஜெட் போச்சு.

ஜெட் சுத்தம், ஆனாலும் சோக் பாதி இழுத்தால்தான் ஒழுங்காக ஓடுகிறது: கலவை மெலிந்திருக்கிறது. மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே காற்றுக் கசிவு இருக்கலாம். இன்னொரு காரணம் இ20-யே. அதில் எடையில் கிட்டத்தட்ட 7 சதவீதம் ஆக்சிஜன். அந்த அளவுக்குக் கலவை மெலியும். மெயின் ஜெட்டை ஓர் அளவு ஏற்றிப் போட்டு, கொஞ்சம் ஓட்டிவிட்டுப் பிளக் நிறம் பாருங்கள். பால் சேர்த்த காபி நிறம் நல்லது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் இன்னும் மெலிவு. மசி என்றால் அதிகம்.

ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகிறது: ஓடும்போது ஒவ்வொரு பிளக் ஒயராக, இன்சுலேட்டட் பிளையர் கொண்டு, எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தால் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அதுதான் சோம்பேறி. பிளக்கையும் ஒயரையும் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் பிளக் அல்லது ஒயர். நகரவில்லை என்றால் கம்ப்ரஷன் கேஜ். நாலு சிலிண்டருக்கும் நடுவே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால், குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு, அல்லது ஹெட் கேஸ்கட். டாப்பெட்டை (வால்வு இடைவெளியை) சரி பார்த்தும் மாறவில்லை என்றால் ஹெட் கழற்ற வேண்டும். அது லேத் பட்டறைக்குப் போகும் வேலை. வீட்டில் ஹெட்டைக் கழற்றலாம், ஆனால் சமதளம் பார்ப்பதும் வால்வு சீட் வெட்டுவதும் பட்டறையில்தான்.

அறிகுறி: சூடு ஏறுகிறது

ஃபேன் பெல்ட், தண்ணீர் மட்டம், ரேடியேட்டர் முகத்தில் பூச்சியும் தூசும். இந்த மூன்றையும் பார்க்காமல் மேலே போகாதீர்கள். பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டி இறங்கலாம், அதற்கு மேல் தொய்வு.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடு: காற்றோட்டம், அதாவது பெல்ட், ஃபேன். வேகமாக ஓடும்போது சூடு: தண்ணீரோட்டம். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிக்கொள்கிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது, அதை அணைத்து ஃபேன் நின்றபின், ரேடியேட்டர் முகத்தை உள்ளங்கையால் தடவுங்கள். குளிர்ந்த பட்டைகள் தட்டுப்பட்டால் அங்கே குழாய் அடைப்பு. ரேடியேட்டர் கடையில் டேங்க் பிரித்து ராடு விடுவார்கள். டைமிங் பின்தங்கினாலும் சூடு ஏறும்.

ரேடியேட்டரில் குமிழி விட்டுக்கொண்டே இருந்தாலோ, ஆயில் மூடிக்குள் மோர் போலப் படிந்தாலோ ஹெட் கேஸ்கட். அதற்கு மேல் ஓட்டாதீர்கள், டோ செய்யுங்கள்.

பிரேக் பெடல் மெல்ல உள்ளே இறங்கினாலோ, ஒரு பக்கம் இழுத்தாலோ சோதனை எல்லாம் வேண்டாம். சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் ஒழுகலா என்று பார்த்துவிட்டு நேராக மெக்கானிக்.

## பழைய அவுட்போர்டு

நான் மனதில் வைத்திருப்பது 1950-களின் 10 குதிரைத்திறன் ஜான்சன் போன்றவை: இரண்டு சிலிண்டர், ஃப்ளைவீலுக்கு அடியில் பாயிண்ட்டும் காயிலும், தனி டேங்க். அதே தயாரிப்பாளரின் எவின்ரூட்டும் உள்ளே ஒன்றுதான். தாய் நிறுவனம் 2000-ல் திவாலானது, எவின்ரூட் உற்பத்தி 2020-ல் நின்றது. ஆனாலும் பாயிண்ட், கண்டென்சர், காயில், இம்பெல்லர் (தண்ணீர் பம்ப்பின் ரப்பர் சக்கரம்) எல்லாம் வேறு நிறுவனங்கள் செய்து புதிதாகவே கிடைக்கின்றன. கிடைக்காதது பெரிய வார்ப்புகள்.

தண்ணீரில்லாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள், "ஒரு நிமிஷம் சத்தம் கேட்கலாம்" என்றுகூட. பீப்பாயில் தண்ணீர் நிரப்பி இம்பெல்லர் மூழ்க நிறுத்தித்தான் எல்லாச் சோதனையும்.

அறிகுறி: கயிறு இழுத்து இழுத்துத் தோள் வலிக்கிறது, உயிரே இல்லை

இரண்டு பிளக்கையும் கழற்றி, ஸ்பார்க் டெஸ்டர் 6 மி.மீ. வைத்து, வேகமாக இழுங்கள்.

இரண்டிலும் இல்லை: பாயிண்ட்டில் படலம். ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். அதன் நடுவில் இருக்கும் மூன்று துளையில் போல்ட் மாட்டும் புல்லர்தான் சரி; விளிம்பில் கொக்கி போட்டு இழுக்கும் புல்லர் ஃப்ளைவீலை வளைக்கும், சுத்தியல் பேரிங்கைக் கெடுக்கும். பாயிண்ட் இடைவெளி 0.5 மி.மீ., பிளக் 0.75 மி.மீ. பக்கம்.

ஒன்றில் உண்டு, ஒன்றில் இல்லை: காயில். அந்தக் காலத்துக் காயிலின் மேல் பூச்சு வறண்ட வயல்போல வெடித்திருக்கும். வெடிப்பு தெரிந்தால் அளந்து பார்த்துக் காலம் கடத்த வேண்டாம், இரண்டையும் மாற்றுங்கள். மாற்றும்போது காயிலின் கால்கள் ஃப்ளைவீல் மேக்னட்டில் உரசாதபடி, ஸ்டேட்டரின் மேடையோடு விளிம்பு ஒட்டி நிற்கும்படி வையுங்கள். அங்கே இருக்கும் துணி சுற்றிய ஒயர்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள், மறுபடி ஃப்ளைவீலைக் கழற்றும் வேலை மிச்சம்.

ஸ்பார்க் இரண்டிலும் நன்றாக இருக்கிறது, ஆனால் பின்னோக்கி உதைக்கிறது: ஃப்ளைவீல் சாவி (அதை ஷாஃப்டோடு பூட்டும் சின்ன உலோகத் துண்டு) வெட்டுப்பட்டு டைமிங் நகர்ந்திருக்கலாம்.

ஸ்பார்க் சரி, பிளக் காய்ந்திருக்கிறது: 1950-களின் டேங்குக்கு இரட்டை ஹோஸ். எஞ்சினிலிருந்து காற்றழுத்தம் ஒரு குழாயில் டேங்குக்குப் போக, இன்னொன்றில் பெட்ரோல் வரும். டேங்க் மூடியின் கேஸ்கட்டோ ஹோஸோ கசிந்தால் அழுத்தம் நிற்காது, பெட்ரோல் ஏறாது. டேங்கில் அழுத்தம் இருக்கும்போது மூடியைச் சுற்றி சோப்பு நீர் பூசிப் பாருங்கள். கசிவு இருக்கும் இடத்தில் நுரை விடும். ஒன்று நினைவிருக்கட்டும்: இது அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் டேங்க். ஓடி நிறுத்திய உடனே மூடியைத் திறக்காதீர்கள். முதலில் அழுத்தத்தை விடுங்கள். துருப்பிடித்த டேங்க் என்றால் பழுது பார்க்காமல் ஒதுக்கிவிட்டு, எஞ்சினில் சின்ன டயாஃப்ரம் பம்ப் பொருத்தி ஒற்றை ஹோஸ் டேங்குக்கு மாறுவதே என் தேர்வு. அசல் தன்மை போகிறதே என்று வருத்தப்படுபவர்கள் டேங்கைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இது டூ-ஸ்ட்ரோக், பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும்; அந்தக் கலவையைச் சொல்லாமல் போகக் கூடாது. 1964-க்கு முந்தைய பெரும்பாலான ஜான்சன், எவின்ரூட்டுக்கு 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், அதாவது லிட்டருக்கு 42 மில்லி. இன்றைய 50-க்கு 1 கணக்கில் 20 மில்லி ஊற்றினால் பேரிங் பட்டினி. ஆயில் டிசி-டபிள்யு3 வகை; பைக்குக்கு ஊற்றும் 2டி ஆயில் இதற்கானது அல்ல.

அறிகுறி: பத்து நிமிடம் அருமையாக ஓடி, பிறகு அணைந்துவிடுகிறது

அணையும் அந்த நொடியில் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விடை. எஞ்சின் தடுமாறத் தொடங்கியதும் டேங்கின் மேலிருக்கும் பிரைமர் பட்டனை (பம்ப் பொருத்தியிருந்தால் ஹோஸில் இருக்கும் பல்பை) அழுத்துங்கள்.

உயிர் வந்தால் பெட்ரோல் பக்கம்: அழுத்தக் கசிவு, சப்பிக்கொள்ளும் ஹோஸ். ஒற்றை ஹோஸ் டேங்க் என்றால் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

வராவிட்டால் உடனே ஸ்பார்க் டெஸ்டர், சூடாக இருக்கும்போதே. ஸ்பார்க் இல்லையென்றால் காயில். வெடிப்பு வழியே சூட்டில் கசிகிறது. ஸ்பார்க்கும் சரி, கயிறு இழுக்கையில் வழக்கத்தைவிடக் கனம் என்றால் எஞ்சின் கொதிக்கிறது. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: தண்ணீர் வரவில்லை, ஹெட்டில் துப்பினால் "சுர்"

பழைய மாடல்கள் பலவற்றில் தண்ணீர் துப்பும் தனி ஓட்டை கிடையாது. மோட்டாரின் தண்ணீருக்குள் இறங்கும் காலின் பின்பக்கத் துளை வழியே எக்ஸாஸ்டோடு சேர்ந்து தூறலாக வரும். அது வருகிறதா என்று பாருங்கள். பழவேற்காடு ஏரி போல ஆழமில்லாத இடங்களில் ஓட்டினால் முதல் சந்தேகம் உறிஞ்சும் வலையில் பாசியும் மணலும். சுத்தம் செய்யுங்கள்.

அடுத்து இம்பெல்லர். நின்ற மோட்டாரில் அதன் ரப்பர் இறகுகள் வளைந்தபடியே இறுகிப் போயிருக்கும். கீழ்க் காலைக் கழற்றித்தான் மாற்ற முடியும். புதிதைக் கிளிசரின் தடவி, டிரைவ் ஷாஃப்ட் சுற்றும் திசையிலேயே சுற்றிக்கொண்டு கூட்டுக்குள் இறக்குங்கள். மேலிருந்து பார்க்க வலஞ்சுழி. இறகு எதிர்ப்பக்கம் மடிந்தால் சீக்கிரமே முறியும். இறகின் துண்டு காணவில்லை என்றால் அது மேலே குழாயில் எங்கோ இருக்கிறது, தேடி எடுக்காமல் மூடாதீர்கள்.

புது இம்பெல்லருக்குப் பிறகும் வராவிட்டால் ஹெட்டுக்குள் உப்பு. இங்கே நின்றுவிடுவது நல்லது: அலுமினியத்தில் இறுகிய ஹெட் போல்ட்டை ஒரே மூச்சில் திருகினால் தலை உடையும். எண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடு காட்டி, முன்னும் பின்னுமாக அசைக்கும் பொறுமை இல்லாவிட்டால், அல்லது ஏற்கனவே ஒன்று உடைந்துவிட்டால், லேத் பட்டறை. ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டர் உள்ளே ஒடிந்தபின் கொண்டு போனால் செலவு பல மடங்கு. கடலில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் பீப்பாயில் கொஞ்ச நேரம் ஓட்டினால் இந்தக் கட்டம் வராது.

அறிகுறி: எஞ்சின் இரைகிறது, படகு நகரவில்லை

ஷியர் பின் முறிந்திருக்கிறது. பாறையிலோ மணல் திட்டிலோ இடித்தால் கியரைக் காப்பாற்றத் தானே முறிவதற்காக வைத்தது அது. புதுசு போடுங்கள், படகில் கூடுதலாக இரண்டு வைத்திருங்கள், துடுப்பும். ஆணியோ இரும்பு போல்ட்டோ வெட்டிப் போட்டால் அடுத்த இடியில் பின் தப்பிக்கும், கியர் போகும்.

பின் நன்றாக இருந்தும் சுற்றவில்லை என்றால் ப்ரொப்பெல்லரின் நடு ரப்பர் வழுக்குகிறது, அல்லது கியர் மாற்றும் கம்பி விலகியிருக்கிறது. கடகடவென்று சத்தம் வந்தால் கியர் பெட்டி. திறக்காமல் கொண்டு போங்கள்.

அறிகுறி: கியர் ஆயில் பால் போல வருகிறது

தண்ணீர் புகுந்திருக்கிறது. கீழ்த் திருகைத் திறந்ததும் முதலில் எது வருகிறது என்று பாருங்கள். வெறும் தண்ணீராக வந்து பிறகு ஆயில் வந்தால், நிறையப் புகுந்து நின்றிருக்கிறது; உள்ளே துரு உறுதி. லேசாக மங்கலாக மட்டும் இருந்தால் முதலில் திருகின் கேஸ்கட் வாஷரை மாற்றிப் பாருங்கள், சில ரூபாய் விஷயம். ஆயிலைக் கீழ்த் துளையிலிருந்து மேல் துளை வழியும்வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று நிற்கும்.

மறுபடியும் பாலானால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல். ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள், மீன் பிடிப்போர் விட்ட நைலான் நரம்பு ஷாஃப்டைச் சுற்றி சீலை அறுத்திருக்கும். சீல் மாற்றிய பிறகு கியர் பெட்டிக்குக் குறைந்த காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்கிக் கசிவு பார்க்க வேண்டும். அதற்கான கைப்பம்ப்பும் கேஜும் இருக்கும் அவுட்போர்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய பட்டறைகளில் இருக்கும். ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால், புது சீல் போட்டும் ஒழுகும் என்பதை அவரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள்.